கெளுத்தியும் கெண்டையும்

நம் நாட்டு ஏரி, குளம், ஆறுகளில் வலைக்கு அகப்படும் நன்னீர் மீன்களுள் பெரும்பாலானவை கெண்டை இனத்தையோ கெளுத்தி இனத்தையோ சேர்ந்தவை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகவே தோன்றும். கெண்டையின் உடலை ஓட்டுக் கூரையைப் போல் செதில்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. நம் நாட்டுக் கெளுத்திகளுக்கோ செதிலே இல்லை, வழவழப்பான தோல் மட்டுமே உண்டு. ஆயினும் விஞ்ஞானிகள் இரண்டையும் ஒரே பெருங்குழுவில் சேர்த்துள்ளனர். அதற்கு முக்கியச் சான்று இவற்றின் செவியில் இருக்கிறது.

வயிற்றறையில் உள்ள காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கும் சிற்றெலும்புத் தொடர் ஒன்றை, ஜெர்மானிய அறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் 1820ஆம் ஆண்டில் விவரித்தார். முதுகெலும்பின் முன்கணுக்களின் பகுதிகள் திரிந்து உருவானவையே இவ்வெலும்புகள். நீரில் பரவும் ஒலியால் காற்றுப்பை அதிர, அவ்வதிர்வு இத்தொடர் வழியே செவியை அடைகிறது. இவ்வமைப்பு கெண்டைக்கும் உண்டு, கெளுத்திக்கும் உண்டு, விராலுக்கு இல்லை.

மீசையைக் கொண்டு இனம் பிரிக்கும் வழக்கம் பள்ளிகளில் பரவலாக உள்ளது. இது முற்றிலும் நம்பத்தக்கதன்று. கட்லாவுக்கு மீசை இல்லை. ஆனால் ரோகுவுக்குச் சிறிய மீசை உண்டு. அயிரைக்கும் மீசை உண்டு. அதுவோ கெண்டையின் உறவே அன்றிக் கெளுத்தியின் உறவன்று. மாணாக்கர்க்குக் காட்டுவதற்கு வாயே சிறந்தது. கெண்டையின் தாடைகளில் பல்லே கிடையாது. அதன் பற்கள் தொண்டையில் உள்ளன. வேகவைத்த ரோகுத் தலையொன்றைப் பிரித்தால் செவுளுக்குப் பின்னே அவற்றைத் தெளிவாகக் காணலாம். கெளுத்தியின் அகன்ற வாயிலோ தாடைமீது நுண்பற்கள் பட்டையாக அமைந்திருக்கும். மார்புத் துடுப்பின் முன்முள்ளும் கெளுத்திக்குரிய அடையாளம். சிங்கி எனப்படும் தேளி மீனின் முள்ளில் நஞ்சும் உண்டாகையால், அதை மாணாக்கர் கையில் கொடுத்தல் தகாது.

கெளுத்தி கலங்கல் நீரிலும் இரவிலும் இரை தேடுவது. மீசையில் மட்டுமன்றி உடல் முழுவதிலுமே சுவையுணர் மொட்டுக்கள் பரவியிருப்பதால் அதற்கு ஒளி அத்துணை இன்றியமையாததன்று. வட இந்தியாவில் மாகூர் எனப்படும் மீனும் சிங்கியும் நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் சுவாசிக்கும். மாகூருக்குச் செவுளின் மேற்புறத்தில் கிளைத்த மரம் போன்ற உறுப்பு உண்டு. சிங்கிக்கு முதுகெலும்பின் இருமருங்கும் பின்னோக்கி நீளும் இரு காற்றறைகள் உள்ளன. பிராணவாயு குன்றிய நீரில் கெண்டை மடியும்போதும் இவை பிழைத்திருப்பதன் காரணம் இதுவே.

இனப்பெருக்கத்திலும் வேற்றுமை உண்டு. மாகூர் கரையோரக் குழிகளில் ஒட்டும் தன்மையுள்ள முட்டைகளை இட, ஆண்மீன் காவல் நிற்கும். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றும் பருவமழை வெள்ளத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டு அகன்றுவிடும். தேங்கிய குளத்தில் அவை இயல்பாக முட்டையிடுவதில்லை. இதனால் முற்காலத்தில் குஞ்சுகளுக்கு ஆற்றையே நம்ப வேண்டியிருந்தது. 1957இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அவர்தம் குழுவினரும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்த பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது.

அவ்வாறு கிடைக்கும் குஞ்சுகள் நாற்றங்காற் குளத்தில் விடப்படும்போது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. அக்குளத்தில் வாளையோ மாகூரோ தங்கியிருப்பின் முழு முயற்சியும் பாழாகிவிடும். எல்லாக் கெளுத்திகளும் ஒரே அளவில் கொடியவையல்ல. சிறு கெளுத்திகள் பல புழு பூச்சிகளையே மிகுதியாகத் தின்கின்றன. ஆயினும் நாற்றங்காலில் எதற்கும் இடம் தரலாகாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை எந்தக் குளத்திலும் விடக்கூடாது. பிற மீன்களைப் பெரிதும் இரையாக்குவதால் அதை வளர்ப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது.

பலமுறை வலை இழுத்தாலும் மாகூரும் சிங்கியும் முற்றிலும் அகப்படுவதில்லை. அவை சேற்றில் புதைந்துகொள்கின்றன. கோடையில் குளத்தை முழுதும் வடித்து வெடிக்கக் காயவிடுவது நன்று. அது இயலாத இடத்தில் இலுப்பைப் பிண்ணாக்கு பயன்படும். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்திற்கு 2,500 கிலோகிராம் தேவை. அதிலுள்ள சபோனின் செவுள் வழியே இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. இவ்வாறு மடிந்த மீன் உண்ணத் தக்கதே. பிண்ணாக்கும் பின்னர்க் குளத்துக்கு உரமாகிறது. நஞ்சின் வேகம் தணிய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகுமாதலால், குஞ்சு விடும் நாளுக்கு அத்துணை நாள் முன்னதாகவே பிண்ணாக்கை இட்டுவிட வேண்டும். நீர் புகும் வாய்க்காலில் நெருக்கமான கண்ணுள்ள வலைத்தட்டியைப் பொருத்தாவிடில், அடுத்த மழையிலேயே கெளுத்திக் குஞ்சுகள் மீண்டும் உள்ளே வந்துவிடும்.