சேலத்துக் கள்ளுக்கடையும் ராஜா செல்லையாவும்

1937 அக்டோபர் 1. சேலம் மாவட்டத்தில் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, தாம் வக்கீல் தொழில் பார்த்த மண்ணிலேயே மதுவிலக்கைத் தொடங்கினார். கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-இல் வந்தது பொது விற்பனை வரி.

அந்த வரி பிறகு கிளைவிட்டுப் படர்ந்தது. நாமக்கல்லில் அன்று ஒரு லாரிக்கு பாடி கட்டியதையே பாருங்கள்: தகட்டுக்கு வரி, பெயின்டுக்கு வரி, கட்டி முடித்ததும் மொத்த விலைக்கும் வரி. வரிமேல் வரி!

இந்தச் சிக்கலை அவிழ்க்க முனைந்தவர்களில் முக்கியமானவர் தமிழ்ப் பொருளாதார நிபுணர் ராஜா செல்லையா. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பன்னாட்டு நிதியத்தில் பணி, பிறகு டெல்லியில் பொது நிதி ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். 1991-இல் மத்திய அரசு அமைத்த வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர். விகிதத்தைக் குறை, வரி கட்டுவோரைப் பெருக்கு என்பது அவர் கட்சி. 1994-இல் தொலைபேசி உள்ளிட்ட மூன்று சேவைகளுக்கு 5 சதவீத வரி வந்ததும் அக்குழுவின் யோசனைப்படிதான்.

2007-இல் அவருக்கு பத்ம விபூஷண். வரிமேல் வரியைத் தவிர்க்கும் மதிப்புக்கூட்டு வரி தமிழகத்தில் அமலானதும் அதே ஆண்டில். 2009-இல் அவர் மறைந்தார்.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச்சாவடிகள் அகற்றப்பட்டன. நாமக்கல் லாரி ஓட்டுநர்களிடம் இப்போது கேட்கப்படுவது சரக்குக்கான மின்னணு ஆவணமான இ-வே பில்.