அடுத்த தெருவில் இருக்கிறது ஆப்பிரிக்கா

கோடை விடுமுறை வந்தால் டில்லிவாழ் தமிழ்ப் பெற்றோருக்கு இரண்டு கவலைகள். ஒன்று, ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்குமா என்பது. ரயில்வே குமாஸ்தாவான என்னையும் இந்தக் கவலை விட்டுவைப்பதில்லை. மற்றொன்று, பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பும் விடுமுறைப் பாடம். பெயர்தான் பிள்ளைகளுக்கு, செய்து முடிப்பதென்னவோ பெற்றோர்தான்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கிடைத்தது ஆப்பிரிக்கா. அந்தக் கண்டத்தின் பூகோளத்தையும் மக்கள் வாழ்க்கையையும் ஆராய்ந்து இருபது பக்கத்தில் புராஜெக்ட் செய்துவர வேண்டும்.

"இதற்கென்ன, பத்து நிமிஷ வேலை" என்று முனிர்க்கா கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ஆப்பிரிக்கா என்றதும் படத்தாள் ஒன்றை எடுத்துப் போட்டார். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, பிரமிடு, கையில் ஈட்டியோடு ஒரு மனிதர். வெட்டி ஒட்டினால் கண்டம் முடிந்தது. நான் பையில் கை விட்டேன். மகள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நம்ம பின் தெருவில் இருக்கிற தீதி ஆப்பிரிக்காதானே? அவங்க கையில் ஈட்டி இல்லையே. லேப்டாப்தானே வச்சிருக்காங்க?"

பின் தெருவில் நைஜீரியாவிலிருந்து வந்த மாணவி ஒருவர் குடியிருக்கிறார். அவர் நடந்து போகும்போது சந்துப் பிள்ளைகள் நிறத்தைச் சொல்லிக் கூவுவார்கள். ஒரு நாள் என் மகளும் அவர்களோடு நின்று சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் கண்டிக்கவில்லை. டில்லிக்கு வந்த புதிதில் 'மதராஸி' என்று என் முதுகுக்குப் பின்னால் கூவினார்களே, அன்று எனக்கு வலித்தது. அந்த வலி இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போய்விட்டது.

படத்தாளை வாங்காமலே திரும்பினோம்.

ஒன்பது இந்தியா

முதலில் அளவு. பூகோள உருண்டையின் மேல் மெல்லிய தாளை வைத்து இந்தியாவை வரைந்து வெட்டி, ஆப்பிரிக்காவின் மேல் வைத்துப் பார்த்தோம். ஒன்பது இந்தியா கொள்ளும்! பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். ஐ.நா. சபையில் அங்கம் வகிக்கும் ஆப்பிரிக்க நாடுகள் 54. பேசப்படும் மொழிகள் ஏறத்தாழ 2,000. பூமத்திய ரேகை, கடக ரேகை, மகர ரேகை மூன்றும் கடந்து போகும் ஒரே கண்டம் இதுதான். சகாரா பாலைவனமும் இங்கே. உச்சியில் பனி படிந்த 5,895 மீட்டர் உயர கிளிமஞ்சாரோவும் இங்கே. சுவரில் மாட்டும் சில உலகப் படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு.

இத்தனை பெரிய இடத்தை ஒரு ஈட்டிக்குள் அடக்கப் பார்த்தோமே என்று இருந்தது.

சமையலறையில் ஒரு கண்டம்

அடுத்து, உணவு. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார்தான் இதில் மாட்டிக்கொண்டார். நூலகத்தில் குறித்து வந்ததை மகள் வாசித்தாள். கேழ்வரகு முதலில் பயிரானது கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலத்தில். கம்பு, மேற்கு ஆப்பிரிக்காவில் சகாராவின் தென் ஓரத்தில். சோளமும் ஆப்பிரிக்கச் சீமையது, காராமணியும் அப்படியே. காப்பிக்குப் பிறந்த வீடு எத்தியோப்பியக் காடு. புளியமரத்துக்கும் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவர நூலார். அதை 'இந்தியப் பேரீச்சை' என்று அராபியர் அழைத்ததிலிருந்துதான் ஆங்கிலப் பெயரே வந்தது.

"கேழ்வரகுக் கூழைக் குடிச்சுத்தான் எங்கப்பா ஏர் ஓட்டினார். அது அசலூர்ச் சரக்கா?" என்று தாயாருக்குக் கோபம். வந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆயிற்று என்று சொன்ன பிறகே சமாதானமானார்.

ரயிலும் கப்பலும்

என் பங்குக்கு நான் ரயிலை எடுத்துக் கொடுத்தேன். 1896-ல் மொம்பாசா துறைமுகத்தில் தொடங்கி 1901-ல் விக்டோரியா ஏரிக்கரையை எட்டிய பாதை, நம்மூரில் பலகாலம் ஓடிய அதே மீட்டர் கேஜ். பாதை போட இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்களைக் கொண்டு போனார்கள், பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள்.

தமிழர் கதை அதற்கும் முந்தியது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914-ல் பதினாறு வயதில் உயிர்நீத்தார். 1996-ம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டம், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பிழைக்கப் போன இடத்தில் மொழிக்கு இப்படி ஒரு மரியாதை!

பொம்மை சொல்லாதது

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகதூர்ஷா ஜாபர் மார்க்கில் உள்ள சங்கர் சர்வதேச பொம்மைக் காட்சிசாலைக்குப் போனோம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் சேர்த்தவை. ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மையில் தொடங்கிய ஆசை. 1965 நவம்பர் 30-ல் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். சுமார் 85 நாடுகளின் பொம்மைகள், ஆறாயிரத்துக்கும் மேல்.

ஆப்பிரிக்கப் பொம்மைகளைப் படம் வரைந்துகொண்ட மகள், நகையும் பட்டுமாக நின்ற இந்திய மணமகள் பொம்மைகளின் முன் நின்றாள். "அம்மா தினமும் இப்படியா ஆபீஸ் போறாங்க? அப்போ அந்தப் பொம்மைகளும் அவங்க ஊர் கல்யாணத்துக்குப் போறவங்கதான்" என்றாள். நான் யோசிக்காத ஒன்று.

திரும்பும் வழியில் ஆப்பிரிக்கா அவென்யூ. இன்னும் கொஞ்சம் போனால் வசந்த் குஞ்ச் பக்கம் நெல்சன் மண்டேலா மார்க். சாலைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் 2016 மே மாதம் அதே வசந்த் குஞ்ச் பகுதியில், ஆட்டோ பிடிப்பதில் மூண்ட தகராறில், காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். சந்தில் கூவும் கூச்சல் எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வடைதானே இது!

கடைசியில் மகளே துணிந்து பின் தெரு மாணவியிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். வாசலில் எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் முதலில் தெரிந்தது பயம். புகார் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தைக் காட்டியதும் சிரித்தார். ஒரு மணி நேரம் பேசினார். தன் நாட்டில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட மொழிகள் என்றார். காலைப் பலகாரம் என்னவென்று கேட்டாள் மகள். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்து, எண்ணெயில் பொரிப்போம்; பெயர் அகரா என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தாயார், "இது வடைதானே!" என்றார். மறுநாள் காராமணி வடை சுட்டு, ஒரு தூக்கில் போட்டு மகளிடம் கொடுத்தனுப்பினார். தூக்கு காலியாகத் திரும்பவில்லை, வாழைப்பழம் வந்தது.

இருபது பக்கமும் நிறைந்துவிட்டன. கடைசிப் பக்கத்தில் மகள் வடையின் படம் வரைந்து, பக்கத்தில் அந்தத் தீதியின் பெயரை எழுதியிருக்கிறாள். அதற்கு ஆசிரியை என்ன மதிப்பெண் போடுவாரோ தெரியாது. இப்போது சந்தில் யாராவது கூவினால், "அவங்களுக்குப் பேர் இருக்கு" என்கிறாள் என் மகள். நானும் சும்மா இருப்பதில்லை.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறைக்கு உங்கள் பிள்ளைக்கும் ஒரு கண்டம் வரும். படத்தாளை வாங்குமுன் கொஞ்சம் பொறுங்கள். எல்லா நாட்டு மனிதரும் வந்து வாழும் ஊர் இது, நம்மைப் போலவே. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கதவைத் தட்டிப் பாருங்கள்.