முதல் மூன்று விநாடிச் சத்தம்: பாவித்த கார் வாங்கும்போது ரைமிங் செயினைக் கவனியுங்கள்

நான் கார் பார்க்கப் போனபோது அது வாசலில் ஸ்ரார்ட்டில் நின்றது. “ஏறுங்கோ அண்ணை, ஏசி போட்டுக் குளிராக்கி வைச்சிருக்கிறன்” என்றார் விற்றவர். நல்ல மனிசன் என்று நினைத்தேன். ஓடிப் பார்த்தேன். எந்தச் சத்தமும் இல்லை. மீற்றரில் 92,000 கிலோமீற்றர். இரண்டு நாளில் பணத்தைக் கொடுத்து, அந்த 660 சிசி ஜப்பான் காரை யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த நாள் விடிய திறப்பைத் திருப்பியபோது, தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைப் போட்டு உலுக்கியது போல ஒரு சத்தம். இரண்டு மூன்று விநாடிதான். பிறகு எஞ்சின் அமைதியாக ஓடியது. “ரப்பெற் சத்தம், பயப்படாதேங்கோ” என்றார்கள் கேட்டவர்கள் எல்லோரும். மூன்றாவது கிழமை எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முதலில் போன கராஜில் கேம் சென்சரை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது, நான்கு நாளில் திரும்பவும் எரிந்தது. பழுதாகியிருந்தது சென்சர் அல்ல, ரைமிங் செயின்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ரூபாய் வீழ்ந்த 2022 இல் ஒயில், பில்டர் விலைகள் ஏறியபோது சேவிசைத் தள்ளிப்போட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். அப்படி ஓடிய வாகனம் ஒன்றைச் சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்குபவர், இந்த மூன்று விநாடிச் சத்தத்தின் பொருளை அறிந்திருக்க வேண்டும்.

செயின் என்ன செய்கிறது?

பிஸ்டன்களால் சுழல்வது கிராங் சாப்ட். வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் சாப்ட். இரண்டையும் இணைப்பது ரைமிங் செயின். கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடும். பிஸ்டனோ அதைப்போல இரு மடங்கு தடவை மேலே வந்து போகும். பல எஞ்சின்களில் திறந்திருக்கும் வால்வும் மேலே வரும் பிஸ்டனும் ஒரே இடத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. நேரம் தவறினால் ஒன்றோடொன்று மோதும், வால்வு வளையும்.

“இது செயின் எஞ்சின், பெல்ட் மாதிரி இல்லை, சாகும்வரை ஓடும்” என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. பெல்ட் என்றால் பெரும்பாலும் ஒரு இலட்சம் கிலோமீற்றர் அளவில் மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். செயினுக்கு அப்படியொரு கணக்கு வழக்கமாகச் சொல்லப்படுவதில்லை. ஆனால் அதன் நீண்ட ஆயுள் சுத்தமான ஒயிலை நம்பியே இருக்கிறது.

செயின் ‘இழுபட்டு விட்டது’ என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஆணியும் துளையும் தேய்கின்றன. நூறு மூட்டுகள் உள்ள செயினில் மூட்டுக்கு 0.02 மில்லிமீற்றர் தேய்ந்தால், முழுச் செயினும் 2 மில்லிமீற்றர் நீண்டுவிடும். அழுக்கு ஒயில் இந்தத் தேய்வை விரைவாக்குகிறது.

நீண்ட செயினின் தளர்வை எடுப்பதற்கு ரென்சனர் என்ற பாகம் இருக்கிறது. அதன் தண்டைச் சுருள்வில்லும் ஒயில் அழுத்தமும் சேர்ந்து வெளியே தள்ளும். இரவு முழுவதும் நின்ற எஞ்சினில் அந்த ஒயில் வடிந்து இறங்கியிருக்கும். காலையில் அழுத்தம் ஏறும்வரை, தளர்ந்த செயின் பக்கத்துப் பட்டைகளிலும் மூடியிலும் அடிபடும். அதுதான் நான் கேட்ட சில்லறைச் சத்தம். அழுத்தம் ஏறியதும் மறைந்துவிடும். சூடான எஞ்சினைக் கேட்டு கார் வாங்கியவனுக்கு அது கேட்காததில் வியப்பில்லை.

சந்தேகத்தை உறுதிசெய்வது எப்படி?

இரண்டாவதாகப் போன கராஜில் இருந்த இளைஞர் எந்தச் சாமானையும் கழற்றவில்லை. “அண்ணை, இரவு இஞ்சை விட்டிட்டுப் போங்கோ. விடிய நீங்களும் வாங்கோ, சேர்ந்து கேப்பம்” என்றார்.

காலையில் பொனற்றைத் திறந்து வைத்து, என்னை ஸ்ரார்ட் பண்ணச் சொன்னார். நீண்ட ஸ்குறூ டிரைவரின் நுனியைச் செயின் ஓடும் பக்கத்து மூடியிலும் பிறகு வேறு இடங்களிலும் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். சத்தம் செயின் பக்கத்தில்தான் பலமாக இருந்தது. ஆனால் அதோடு அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. வெளியே உள்ள பெல்ட்டின் உருளை, சைலன்சரின் தளர்ந்த தகரம், கேம் முனையில் இருக்கும் வீவீரி பற்சில்லு ஆகியனவும் இதேபோலச் சத்தம் போடும் என்றார். ஒயில் மாற்றிய பிறகு முதல் ஸ்ரார்ட்டில் ஒரு கணம் கேட்பதையும் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

அடுத்து ஸ்கேன். வந்த குறியீடு பி0016. கிராங், கேம் இரண்டினதும் நிலை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது இதன் பொருள். இதைக் கண்டதும் சென்சரை மாற்றுவதுதான் பல இடங்களில் நடக்கும் பிழை. சென்சர் பிழையான செய்தி தரலாம்; சரியான சென்சர் உண்மையான பிழையைச் சொல்லிக்கொண்டும் இருக்கலாம். ஒயில் குறைவு, அடைபட்ட ஒயில் கட்டுப்பாட்டு வால்வு, பழுதான வயர் ஆகியவையும் இதே குறியீட்டைத் தரக்கூடும்.

ஆகவே செலவில்லாததிலிருந்து தொடங்கினார். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தார், அளவு குறைவு. ஒயில் ஊற்றும் மூடியைத் திருப்பிக் காட்டினார். உட்புறம் கறுப்புக் களி படிந்திருந்தது. வயரையும் கட்டுப்பாட்டு வால்வையும் சோதித்தார்; அவற்றில் பிழையில்லை. அதற்குப் பிறகுதான் எஞ்சினைத் திறந்தார். கிராங்கைக் கையால் திருப்பி அதன் அடையாளத்தை நேராக்கினார். கேமில் இருந்த அடையாளம் நேராக வரவில்லை. ரென்சனரின் தண்டு ஏறக்குறைய முழுவதுமாக வெளியே வந்திருந்தது. இனித் தளர்வை எடுக்க அதற்கு இடமில்லை. சத்தம், குறியீடு, களி, அடையாளம், தண்டு என ஐந்தும் ஒரே கதையைச் சொன்னபோதுதான் “செயின்தான் அண்ணை” என்றார்.

செயின் இன்னும் பல் தாண்டவில்லை, வால்வுகள் தப்பியிருந்தன. செயினோடு ரென்சனர், பிளாஸ்ரிக் பட்டைகள், பற்சில்லுகள் எல்லாவற்றையும் மாற்றினார். சம்பைக் கழற்றி ஒயில் வடியையும் கழுவினார். தேய்ந்த பற்சில்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் விரைவில் தேயும். வடி அடைபட்டிருந்தால் புது ரென்சனருக்கும் ஒயில் போகாது. இன்னும் சில கிழமை ஓடியிருந்தால் எஞ்சினையே மாற்ற வேண்டி வந்திருக்கலாம்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

விடியவே போங்கள். எஞ்சினை நீங்கள் வரும்வரை தொட வேண்டாம் என்று முதலே சொல்லிவையுங்கள். போனதும் பொனற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஒருவர் ஸ்ரார்ட் பண்ண, மற்றவர் எஞ்சினருகே நின்று தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யட்டும்.

ஹைபிரிட் வாகனமென்றால் பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் உடனே ஓடாமல் இருக்கலாம். அது தானாக ஓடத் தொடங்கும்வரை காத்திருந்து அந்த முதல் விநாடிகளைக் கேளுங்கள்.

ஒயில் கம்பியையும் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். சேவிஸ் பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். ஸ்கேன் செய்யும்போது ‘பிழை இல்லை’ என்பதோடு நிற்க வேண்டாம். வாகனம் தன்னைத்தானே சோதிக்கும் பகுதிகள் ‘இன்னும் முடியவில்லை’ என்று காட்டினால், அண்மையில் யாரோ குறியீட்டை அழித்திருக்கலாம், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓடியபின் மீண்டும் ஸ்கேன் செய்யக் கேளுங்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? காலைச் சத்தம் நாளுக்கு நாள் நீண்டால், அல்லது சத்தத்தோடு எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், கராஜ்வரை ஓட்டிப் போகாமல் ஏற்றிக்கொண்டு போங்கள். எதை மாற்றுவதானாலும் எந்தச் சோதனை அதைக் காட்டியது என்று கேளுங்கள். கழற்றிய சாமானைக் கண்ணால் பாருங்கள்.

விற்றவர் தெரிந்துதான் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தாரா என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஏசியின் குளிர் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. எஞ்சின் குளிராக இருக்கிறதா என்று பொனற்றைத் தொட்டுப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை.