வான்வழித் தூரமும் பயண நேரமும்

"சேலத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் "ஒரு மணி நேரம்" என்று உடனே விடை வரும். அந்த விடை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் தூரம். சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ளது. அதன் அட்சரேகை ஏறத்தாழ 11.78 பாகை, தீர்க்கரேகை 78.07 பாகை. சென்னை மீனம்பாக்கத்திற்கு இவை முறையே 12.99, 80.18. நம் பகுதியில் ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையோ சுமார் 109 கிலோமீட்டர். எனவே சென்னை நமக்கு வடக்கே 134, கிழக்கே 230 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் நேர்கோட்டுத் தூரம் சுமார் 266 கிலோமீட்டர் என்று கிடைக்கும். சாலை வழியில் இது ஏறத்தாழ 340 கிலோமீட்டர்.

அடுத்து வேகம். 2018 மார்ச் 25-இல் உடான் திட்டத்தின்கீழ் இத்தடத்தில் வந்த ஏ.டி.ஆர். 72 ரக விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்லது. அப்படியானால் 32 நிமிடம் போதுமே! எஞ்சிய நேரம் எங்கே போகிறது?

அட்டவணையில் காணும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்தில் தொடங்கி மறுமுனையில் நிற்கும் கணத்தில் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்தல், படிப்படியாக உயரம் ஏறுதல், சேர்வராயன் மலை போன்ற தடைகளுக்கு மேல் பாதுகாப்பான உயரம் பெறுதல், நெரிசலான சென்னை வானில் முறை காத்திருத்தல், வேகம் குறைத்து இறங்குதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால்கூட மூன்று, நான்கு நிமிடமே கூடும். குறுகிய பயணத்தில் காலத்தை விழுங்குவது பறத்தல் அன்று. ஏறுவதும் இறங்குவதும் காத்திருப்பதுமே.

இனி வெள்ளக்கடையில் வாழும் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். ஏற்காட்டுக்கும் காமலாபுரத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 16 கிலோமீட்டர்தான். ஆனால் நாமோ ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, சேலம் சென்று, மீண்டும் ஓமலூர்ப் பக்கம் திரும்ப வேண்டும். ஏற்காட்டிலிருந்தே ஐம்பது கிலோமீட்டர் அளவு! விமான நிலையத்திலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்ல ஆகும் நேரமும் அவ்வளவே.

இத்தடத்தில் 2021-இல் விமான சேவை நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. சேவை வந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏ.டி.ஆர். விமானத்திற்குப் பதில் மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் ஜெட் விமானத்தை விட்டாலும் மிஞ்சுவது பன்னிரண்டு நிமிடமே. மலைக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஒரு பேருந்து நேரே சேலத்துக்கு இறங்கினால் அதைவிடப் பன்மடங்கு நேரம் மிஞ்சும். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவருக்கும், மருத்துவமனைக்கு விரையும் நோயாளிக்கும் அந்த நேரமே பெரிது.

வானத்துத் தூரத்தைக் குறைக்க முடியாது. தரையில் வீணாகும் நேரத்தைக் குறைப்பதோ நம் கையில்தான் இருக்கிறது.