மேடையில் செந்தாமரை... திரையில் சிவாஜி! நாடகங்கள் சினிமாவான கதை

'மூன்று முகம்' படத்தில் அலெக்ஸ் பாண்டியனிடம் மல்லுக்கு நிற்கும் ஏகாம்பரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரஜினிக்கு எதிரே உட்கார்ந்து கண்ணாலேயே மிரட்டிய அந்த வில்லன், செந்தாமரை. தமிழ் சினிமாவின் மிக நேர்மையான போலீஸ் அதிகாரி என்று இன்றும் பேசப்படும் எஸ்.பி. சௌத்ரியாக முதலில் வாழ்ந்தவரும் இதே செந்தாமரைதான் என்பது பலருக்குத் தெரியாது!

செந்தாமரைக்காக மகேந்திரன் (ஆம், பின்னாளில் 'முள்ளும் மலரும்' எடுத்தவரேதான்) எழுதிய நாடகம் 'இரண்டில் ஒன்று'. கடமை தவறாத போலீஸ் அப்பாவுக்கும் தடம் மாறிய மகனுக்கும் நடக்கும் மோதல்தான் கதை. அது சிவாஜிக்குப் பிடித்துப்போக, 'தங்கப்பதக்கம்' என்ற பெயரில் சிவாஜி நாடக மன்றத்தின் மேடைக்குப் போனது. 1974-ல் பி.மாதவன் இயக்கத்தில் படமாகவும் வந்தது. பெற்ற மகனையே சுடும் அந்த அப்பாவாக சிவாஜியைத் தவிர இன்னொருவரை இன்று நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால், அந்தக் காக்கிச் சட்டையை முதலில் மாட்டியவருக்குத் திரையில் அது கிடைக்கவில்லை.

சுந்தரராஜனுக்கு வாய்த்தது வேறு கதை. கே.பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் பார்வையிழந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி அவர். இந்த நாடகம் முதலில் இந்திக்குத்தான் போனது. 1965-ல் வெளியான 'ஊஞ்சே லோக்' படத்தில் மேஜராக நடித்தவர் அசோக் குமார். அடுத்த ஆண்டு ஏவி.எம். தமிழில் எடுத்தபோது மட்டும் மேடை மேஜரே திரை மேஜரானார். அப்போது சுந்தரராஜனுக்கு வயது முப்பதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகள்தான். வளர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா! அதன் பிறகு, கடைசிவரை அவர் 'மேஜர்' சுந்தரராஜன்தான்.

படத்தின் பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. தங்கையை ஏமாற்றியவனைக் கொன்றுவிட்டு ஓடிவரும் நாகேஷ், கொல்லப்பட்டவனின் அப்பா வீட்டிலேயே அடைக்கலம் கேட்கிறார். அது இருவருக்குமே தெரியாது. சினிமாவுக்கு இது நாடகத்தனம் என்று சிலர் சொல்லலாம். ஆனால், பார்வையில்லாத ஒருவரின் வீட்டில் சிக்கிக்கொண்ட பதற்றத்துக்கு அந்த நான்கு சுவர்தான் சரி. இன்னொரு சுவாரஸ்யம்... செத்துப்போகும் அந்த மகனின் பெயர் ரஜினிகாந்த். சிவாஜி ராவுக்குப் பெயர் தேடிய பாலசந்தர் எடுத்துக்கொடுத்தது இந்தப் பெயரைத்தான்!

'சர்வர் சுந்தரம்', 'எதிர்நீச்சல்' இரண்டிலும் நாகேஷுக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தது. அவருக்காகவே பாலசந்தர் எழுதிய நாடகங்கள் என்பதால், திரையிலும் நாகேஷே நாயகன்.

இவர்களில் தனி ரகம் எம்.ஆர்.ராதா. திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகம் 1954-ல் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் படமானபோது, மோகனசுந்தரமாக வேறு யாரை யோசிக்க முடியும்? தொழுநோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டுவது இன்று உறுத்துகிறது. அது கிருமியால் வருவது, மருந்தால் குணமாவது. அதையும் மீறி, பணமும் உடம்பும் போன பிறகும் நக்கல் மட்டும் போகாத அந்தக் கரகரக் குரல் நம்மைப் பிடித்து உட்காரவைக்கிறது.

படம் வந்த பிறகும் ராதா நாடகத்தை விடவில்லை. ஊர் ஊராகப் போட்டார். அன்றன்றைய செய்தியை எடுத்து மேடையிலேயே வசனமாக்கிக் கிண்டலடிப்பது அவர் வழக்கம். அதனால் நேற்று பார்த்த 'ரத்தக்கண்ணீர்' இன்று இருக்காது. நமக்குக் கிடைத்திருப்பது கேமரா முன்னால் அவர் பேசிவிட்டுப் போன ஒரே ஒரு 'ரத்தக்கண்ணீர்' மட்டும்தான்.