மருந்து கொடுத்தும் மாடு தேறவில்லையா? ஏரிக்கரைப் புல்லைக் கவனியுங்கள்!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை, மாசியில் ஏரித் தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் கரையோரச் சேற்றில் பச்சைப்பசேல் என்று புல் முளைத்துவிடும். சென்னைக்கு மேற்கே முகப்பேர், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவிலும் இரண்டு மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பங்கள் உண்டு. வயல்கள் மனைகளாகிவிட்ட இடத்தில், காசில்லாமல் கிடைக்கும் தீவனம் அந்தப் புல்தான். கல்லீரல் தட்டைப்புழு மாட்டின் வயிற்றுக்குள் போவதும் பெரும்பாலும் அந்தப் புல் வழியாகத்தான்.

புழு தாக்கிய மாடு தீவனம் தின்றும் இளைக்கும், பால் குறையும், கழிச்சல் வரும், முற்றினால் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். மருந்து கொடுத்தால் தேறுகிறது. ஆனால், அதே கரையில் மேய்ந்தால் சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. மருந்து மாட்டுக்குள் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். புல்லில் இருப்பதை ஒன்றும் செய்யாது.

இரண்டு வீடு, ஒரு புழு

இன்னோர் உயிரின் உடலில் தங்கி, அதன் உணவையோ ரத்தத்தையோ உறிஞ்சி வாழ்வது ஒட்டுண்ணி. அதற்கு இடம் கொடுக்கும் உயிர் ஓம்புயிரி. பல ஒட்டுண்ணிகளுக்கு ஒரே ஓம்புயிரி போதாது. தட்டைப்புழு வளர்ந்து முட்டையிடும் வீடு மாட்டின் கல்லீரல். குஞ்சு பெருகும் வீடு ஏரியில் உள்ள ஒருவகை நன்னீர் நத்தை.

முட்டை சாணத்தோடு வெளியே வருகிறது. அந்தச் சாணம் தண்ணீரில் கலந்தால், இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு பொரிக்கும். அது ஏறக்குறைய ஒரு நாளுக்குள் நத்தையைக் கண்டுபிடித்துப் புகுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். புகுந்துவிட்டால், ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகும். பிறகு நத்தையை விட்டு நீந்தி வந்து, தண்ணீரோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக் காத்திருக்கும். அந்தப் புல்லை மாடு தின்றதும் கல்லீரலைத் துளைத்துக்கொண்டு போகிறது.

ஆக, இந்தப் புழு பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டிடமிருந்து நேராக ஒட்டுவதில்லை. சாணம், தண்ணீர், நத்தை, புல் என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் புழு வளர முடியாது.

நத்தை வேண்டாத புழு

ஆடுகளின் ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவுக்கு இடையில் நத்தை தேவையில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து 'மெட்ராஸ் சிவப்பு' செம்மறியாக இருந்தாலும், வெள்ளாடாக இருந்தாலும் இதே கதைதான். ஒரு பெண் புழு நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புழுக்கையில் பொரித்த குஞ்சு, ஈரம் இருந்தால் ஒரு வாரத்தில் புல் நுனிக்கு ஏறிவிடும். ஆட்டின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள்; உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடித்துப் பரவுபவை

உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்காமல், ரத்தக் கழிவுநீர் நோய், தைலேரியா நோய் போன்றவற்றின் கிருமிகளையும் மாட்டுக்குள் செலுத்துகிறது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, தரையிலும் கொட்டகைச் சுவர் வெடிப்பிலும் 2,000-க்கு மேல் முட்டையிடும். மாட்டுக்கு மட்டும் மருந்து தடவிவிட்டு கொட்டகையை விட்டுவிட்டால் பயனில்லை.

மனிதர்களைத் தாக்கும் மலேரியாவும் இப்படித்தான். கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கண்டறிந்தார். சென்னையில் மலேரியா பரப்பும் கொசு கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடுகிறது. தொட்டியை இறுக மூடினால் அந்த வழி அடைபடும்.

என்ன செய்யலாம்?

• தண்ணீர் வடிந்த கரையோரத்தில் மேய்ப்பதைத் தவிர்த்து, மேட்டு நிலத்தில் மேயுங்கள். கரைப் புல்தான் கதி என்றால், அறுத்து வந்து நல்ல வெயிலில் சில நாட்கள் மொறமொறவென உலர்த்திப் போடுங்கள்.

• பனி ஈரம் காய்ந்த பிறகு ஆடுகளை ஓட்டுங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து மேய்க்காதீர்கள்.

• ஏரியில் இறக்காமல் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள்; சாணம் நீர்நிலையில் சேராது. சாணத்தைக் குவித்து மக்கவைத்தால், அந்தச் சூட்டில் முட்டைகள் அழியும்.

• வாத்துகள் நத்தைகளைத் தின்னும். வசதி இருந்தால் வளர்க்கலாம்.

• கொட்டகை வெடிப்புகளைப் பூசி அடையுங்கள்.

• மருந்துக்கு முன் சாணப் பரிசோதனை செய்யுங்கள். உருண்டைப்புழு மருந்துகள் எல்லாமே தட்டைப்புழுவைக் கொல்வதில்லை. கைக்கு வந்த ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடும். ஆல்பெண்டசோல் போன்றவற்றைச் சினையின் தொடக்கத்தில் கொடுக்கக் கூடாது; சினை விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

புதிய சாணத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம். 1903-இல் தொடங்கிய வேப்பேரி, சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒட்டுண்ணியியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. எந்தப் புழு என்று தெரிந்துகொண்டு மருந்து கொடுத்து, மேய்ச்சல் இடத்தையும் மாற்றினால், அடுத்த தை மாதம் பால் குறையாது.