கடும்புயல் எதிர்வுகூறல் தவறுவது ஏன்? பழி யாரைச் சாரும்?

மலைநாட்டில் மரக்கறிச் செய்கையில் ஈடுபட்டுள்ள கமக்காரர் வானிலை அறிக்கையைப் பற்றிக் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. வானொலியில் பலத்த மழை என்று அறிவித்த நாளில் கந்தப்பளையில் வெயில் காய்கிறது. மழையைப் பற்றி எதுவும் கூறாத நாளிலோ, பிற்பகல் மூன்று மணிக்கு ஆலங்கட்டி விழுந்து லீக்ஸ் பாத்தியையும் கோவாக் கன்றையும் சிதைத்துவிடுகிறது. முதல்நாள் தெளித்த மருந்தின் விலையும் தெளித்தவரின் கூலியும் ஓடைநீரோடு போய்விடுகின்றன. இவ்வாறு இரண்டு மூன்று தடவை நேர்ந்தபின், அடுத்து வரும் எச்சரிக்கையை அவர் செவிமடுப்பதில்லை. ஆனால் அவர் செவிமடுக்காத அந்த எச்சரிக்கையே உயிர் காக்கும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். ஆகவே எதிர்வுகூறல் எவ்விடத்தில் தவறுகிறது, எவ்விடத்தில் தவறுவதில்லை என்பதைப் பயிர்ச்செய்கையாளர் பகுத்தறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

எதிர்வுகூறல் தவறினால் கூறியவரைப் பழித்தல் எதிர்வுகூறலோடு கூடப் பிறந்த வழக்கம். இங்கிலாந்தில் 1861ஆம் ஆண்டு ரொபேட் ஃபிட்ஸ்றோய் என்னும் கடற்படை அதிகாரி துறைமுகங்களுக்குத் தந்தி மூலம் புயலெச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். எச்சரிக்கை பலித்த நாட்களை மறந்தவர்கள் பலிக்காத நாட்களை எண்ணி அவரை எள்ளினர். அவர் 1865இல் இறந்தார். அடுத்த ஆண்டு எச்சரிக்கைகளும் நிறுத்தப்பட்டன. பின்னர் கடலோடும் மக்களின் வேண்டுகோளினால் 1867இல் அவை மீண்டும் தொடங்கின. பிழையுள்ள எச்சரிக்கையும் இல்லாத எச்சரிக்கையிலும் மேலானது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தனர்.

அமெரிக்காவின் நடுச் சமவெளியில் இன்னொரு சாரார் இருக்கின்றனர். இவர்கள் புயலுக்கு அஞ்சி ஓடுவோரல்லர். மோட்டார் வண்டியில் ஏறிப் புயலைத் துரத்திச் செல்வோர். சிலர் ஆராய்ச்சிக்காகவும், பலர் படம் பிடிப்பதற்காகவும், காட்சி இன்பத்துக்காகவும் செல்கின்றனர். நூற்றுக்கணக்கான மைல் ஓடிக் காத்திருந்தும் வானம் வெளுத்தே இருந்துவிட்டால், கணினியின் கணிப்பைச் சிலர் குறைகூறுவர். அரசாங்க எதிர்வுகூறுநரைச் சிலர் குறைகூறுவர். காலையில் வந்த வேண்டாத முகில் வெப்பத்தைக் கெடுத்துவிட்டது என்பர் வேறு சிலர். 2019ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி ஒக்லஹோமா மாநிலத்துக்கு மிக உயர்ந்த படியிலான அபாய அறிவித்தல் விடுக்கப்பட்டது. ஒக்லஹோமா நகரப் பாடசாலைகள் மூடப்பட்டன. அன்று சுழற்காற்றுகள் தோன்றின எனினும், அஞ்சிய அளவில் பேரழிவு அங்கு நேரவில்லை. பொறிகளும் பொருளும் பயிற்சியும் நிறைந்த நாட்டிலேயே இவ்வாறு நிகழுமாயின், காரணம் மனிதரின் கவனக்குறைவு மட்டுமாக இருக்க முடியாது.

அக்காரணத்தை அடுக்களையிலேயே காணலாம். அடுப்பில் உலை கொதிக்கும்போது மூடி கனமாயிருந்தால் ஆவி உள்ளேயே அடங்கிக் கிடக்கும். மூடி சற்றே விலகினால் பொங்கி வழியும். வானத்திலும், நிலத்தையொட்டிய ஈரக்காற்றுக்கு மேலே, வெப்பமான வறண்ட காற்றுப் படலம் ஒன்று சில வேளைகளில் மூடியைப் போல் அமர்ந்திருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலை வெயில் நிலத்தைச் சுடச் சுட, கீழுள்ள காற்று மேலெழ முயலும். மூடி நாள் முழுவதும் நிலைத்துவிட்டால் ஒரு துளியும் விழாது. பிற்பகலில் அது உடைந்தால், அதுவரை சேர்ந்திருந்த வலிமை முழுவதும் இடியும் ஆலங்கட்டியுமாக இறங்கும். உடைவதா நிலைப்பதா என்பதை ஓரிரு பாகை வெப்ப வேறுபாடே தீர்மானிக்கிறது. மேற்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அறியக் கருவி கட்டிய பலூன்களை விடுகின்றனர். ஆனால் பலூன் அது விடப்பட்ட இடத்துக் காற்றையே அளக்கிறது. இராகலைக்கு மேலுள்ள காற்றை அன்று எவரும் அளந்திருக்கமாட்டார். இவ்வகை இடிமுகில் சில கிலோமீற்றர் அகலமே உடையது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் தோன்றி மறைந்துவிடும். இன்ன தோட்டத்தின் இன்ன மலையில் இன்ன நேரத்தில் விழும் என்று அதனை முதல்நாளே கூறுதல் எந்நாட்டவருக்கும் இன்னும் கைகூடவில்லை. ஆகவே ‘மாலை வேளையில் சில இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்னும் அறிவித்தல் மழுப்பற் பேச்சன்று. அறியக்கூடியதன் எல்லை அவ்வளவே.

மலைநாட்டுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மி.மீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து நேர்த்தூரத்தில் முப்பது கிலோமீற்றருக்கும் குறைவாகவுள்ள நுவரெலியாவிலோ 2,000 மி.மீற்றர் அளவே கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது நீரைக் கொட்டிவிட்டு, முகடு தாண்டியதும் வறண்டுவிடுவதே இதற்குக் காரணம். வடகீழ்ப் பருவத்தில் நனையும் சரிவு மாறிவிடும். கணினி, பூமி முழுவதையும் சதுரங்களாக வகுத்துக் கணக்கிடுகிறது. ஐரோப்பிய நடுத்தரகால எதிர்வுகூறல் நிலையத்தின் உலகக் கணிப்பிற்கூட ஒரு சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். அத்தகைய ஒரு சதுரத்துக்குள் ஒரு முகடும் இரு பள்ளத்தாக்குகளும் நான்கு தோட்டங்களும் அடங்கிவிடும். கணினிக்கோ அது ஒரே உயரமும் ஒரே மழையும் உடைய ஒரு துண்டு நிலம். பிதுருதலாகலையின் 2,524 மீற்றர் உயரமும் அக்கணக்கில் தேய்ந்து மழுங்கிவிடுகிறது. சராசரி சரியாக இருந்தும் ஒரு சரிவில் இருமடங்கு மழையும் மறுசரிவில் தூறலுமாக முடிவது இதனாலேயே.

தொடக்க அளவீட்டின் சிறு பிழை நாட்போக்கில் பெரும் பிழையாக வளர்வதும் உண்டு. 1961இல் எட்வேட் லொரென்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தமது கணினியில் 0.506127 என்னும் எண்ணை 0.506 எனச் சுருக்கி இட்டார். சிறிது காலத்துக்கு ஒத்துச் சென்ற கணிப்பு, பின்னர் முற்றிலும் வேறொரு வானிலையைக் காட்டியது. இதனாலேயே இக்காலத்தில் ஒரே கணக்கைத் தொடக்க எண்களைச் சிறிது சிறிது மாற்றி ஐம்பது தடவை வரை செய்து பார்க்கின்றனர். ஐம்பதில் முப்பது கணக்குகள் மழை காட்டினால் மழைக்கான வாய்ப்பு 60 சதவீதம் எனக் கொள்வர். அவ்வாறு அறிவித்த பத்து நாட்களில் நான்கு நாள் மழையின்றிக் கழிந்தால் அறிவித்தல் பொய்த்ததாகாது, கூறியபடியே நடந்ததாகும்.

பெருஞ் சூறாவளிகளின் நிலை வேறு. அவை பல நாட்களுக்கு முன்பே செய்மதிப் படங்களிற் புலப்படும். செல்லும் திசையையும் ஓரளவு கூறலாம். ஆயினும் கரைக்கு அருகிலேயே உருவாகி விரைவில் வலுப்பெறுபவை ஏமாற்றிவிடுகின்றன. 2011 நவம்பர் 25ஆம் தேதி மாத்தறை, வெலிகமப் பகுதியில் வீசிய கடுங்காற்று அத்தகையது. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் மீளவில்லை. தக்க நேரத்தில் எச்சரிக்கை கிடைக்கவில்லை என்ற கண்டனம் எங்கும் எழுந்தது. அருகில் எழும் புயலைப் பின்தொடர ராடார் வேண்டும். தெனியாயாவுக்கு அருகே கொங்கலை மலையில் ஒன்றை நிறுவ எடுத்த முயற்சி நிறைவேறவில்லை. புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு நிலையங்கள் அமைக்க 2017இல் ஜப்பானுடன் உடன்பாடு ஏற்பட்டது. எட்டு ஆண்டுகளின் பின் டித்வா வந்தபோதும் அவை இயங்கும் நிலையில் இருக்கவில்லை. இப்பகுதியிலுள்ள குறையை இயற்கையின்மீது சுமத்த முடியாது.

டித்வாச் சூறாவளி 2025 நவம்பர் இறுதியில் நாட்டின் தென்கிழக்கே உருவாகி, கீழ்மாகாணத்தையொட்டி வடக்கு நோக்கி ஆமை வேகத்தில் நகர்ந்தது. காற்றின் வேகத்தை மட்டும் நோக்கின் அது பெயரிடப்படும் சூறாவளிகளில் மிகத் தாழ்ந்த வகுப்பைச் சேர்ந்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின் காற்றோடு அதனை ஒப்பிடவே இயலாது. எனினும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களை அது கொண்டது; அவற்றுட் பெரும்பகுதி கண்டி, நுவரெலியா, பதுளை முதலிய மலை மாவட்டங்களிலேயே போயின. வயல்கள் மணலாலும் சேற்றாலும் மூடுண்டன. மரக்கறிப் பாத்திகள் சரிவோடு இறங்கிவிட்டன. கொன்றது காற்றன்று, நீரும் அந்நீரால் நெகிழ்ந்த மண்ணுமே. சூறாவளியின் வகுப்பு காற்றை அளக்கிறதேயன்றி அது சுமந்து வரும் நீரை அளப்பதில்லை. மெதுவாக நகரும் வலிகுன்றிய சூறாவளி ஒரே மலையின்மீது நெடுநேரம் பொழியுமாதலால், விரைந்து செல்லும் வலியதைவிடக் கேடு விளைக்கக்கூடும். ‘வலிகுன்றிய சூறாவளி’ என்று கேட்டதும் அமைதியடைவது கமக்காரர் செய்யக்கூடிய தவறுகளில் மிகக் கொடியது.

அழிவுக்குப் பின் வழக்கம்போல் பழி எழுந்தது. எச்சரிக்கை முன்பே கிடைத்தும் ஆயத்தம் செய்யவில்லை என்றனர் ஒருசாரார். இத்துணை மழையை எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்றனர் மறுசாரார். எச்சரிக்கைகள் தமிழில் குறைவாகவும் காலந்தாழ்த்தியும் வந்தன என்ற முறையீடும் பரவலாக எழுந்தது. இம்முறையீடு முகில்களைப் பற்றியதன்று. எதிர்வுகூறல் முற்றும் சரியாயிருந்தாலும், அதனைத் தமக்குத் தெரிந்த மொழியில் உரிய வேளையில் பெறாதவருக்கு அஃது இல்லாததே.

அறிந்தும் அசையாதிருந்தமைக்குச் சான்று மீரியபெத்தை. பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்தின் லயன்களை 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை மண்சரிவு மூடியது. அவ்விடம் குடியிருக்கத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் அறிவித்திருந்தது. அங்கு தவறியது எதிர்வுகூறல் அன்று. குடும்பங்களுக்கு மாற்றுக் காணி கொடுத்துக் குடியேற்றும் வேலையே தவறியது. போக இடமில்லாதவரிடம் ‘வெளியேறுக’ என்று கூறுவதால் யாது பயன்? இத்தகைய இடத்தில் பழியைச் சுமக்க வேண்டியவர் மழையைக் கணித்தவரல்லர். சரிவின் அடியிலிருந்து மக்களை அகற்றும் பொறுப்புடைய ஒவ்வொருவருமாவர்.

இனி, கமக்காரர் தம் கையால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாவட்டம் முழுவதற்குமான அறிவித்தல் தம் மலையில் விழும் மழையைக் காட்டாது; தம் மலையின் மழையைத் தாமே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான தகரப் பேணி ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத வெளியில், சாயாதபடி நிறுத்தி வைக்கவேண்டும். சேர்ந்த நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையின் மி.மீற்றர். 25 மி.மீற்றர் ஓர் அங்குலம். கால் ஏக்கர் நிலத்தில் 100 மி.மீற்றர் மழை பெய்தால் அந்நிலம் ஒரு நாளில் தாங்கும் நீர் ஓர் இலட்சம் லீற்றராகும். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணி நேரத்தில் 75 மி.மீற்றர் சேர்ந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும், 100 மி.மீற்றரானால் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும், 150 மி.மீற்றரானாலும், ஒரு மணி நேரத்திலேயே 75 மி.மீற்றர் பெய்தாலும் வெளியேறிவிடல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள் இவையே.

எச்சரிக்கை வந்த நாளில் எதைச் செய்வது, எதை விடுவது என்பதை வாய்ப்பையும் செலவையும் சேர்த்து நிறுத்தே முடிவு செய்யவேண்டும். வடிகாலைத் துப்புரவு செய்வதும், வயல் வரம்பின் வக்கடையைத் திறந்துவிடுவதும், பசளை இடுவதையும் மருந்து தெளிப்பதையும் இரண்டு நாள் பிற்போடுவதும் சிறு செலவுடையவை. மழை வராவிட்டாலும் நட்டம் அதிகமில்லை. ஆதலால் வாய்ப்புக் குறைவாயினும் இவற்றைச் செய்துவிடலாம். முற்றாத உருளைக்கிழங்கை அவசரமாகக் கிண்டி எடுப்பதோ பெருநட்டம் தரும். வாய்ப்பு மிக உயர்ந்தாலன்றி அதற்குத் துணியலாகாது. உயிரைப் பொறுத்தவரை இக்கணக்கு வேறு: லயனிலிருந்து ஓரிரவு பாடசாலைக்குச் சென்று வீணாகத் திரும்புவது எத்தனை தடவை நேர்ந்தாலும் பெருநட்டமன்று.

பேணியின் அளவு 150 மி.மீற்றரை எட்டாவிட்டாலும், நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் ஊற்று, திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய நீரோடை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால் உடனே விலகவேண்டும். கண்டவர் கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவித்தல் வேண்டும். நீரூறிய மண் மழை ஓய்ந்து வெயில் எறித்த பின்னரும் சரியக்கூடும். ஆகையால், திரும்பலாம் என அதிகாரிகள் கூறும்வரை ஆட்டையோ மாட்டையோ கிழங்கு மூட்டையையோ எடுத்துவர எவரும் மேலே போதல் கூடாது.